எண்டெபி விமான நிலையத்தைச் சீனா எடுத்துக்கொண்டதா?

"கடனைக் கட்ட முடியாத உகாண்டா, தன் சர்வதேச விமான நிலையத்தையே சீனாவிடம் பறிகொடுத்தது." 2021 நவம்பரில் பரவிய இந்தத் தகவல், சீனக் கடன் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் தலைகாட்டுகிறது. இது தவறு.

விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கும் எண்டெபி விமான நிலையத்தை விரிவாக்க, 2015இல் சீன அரசின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்ஸிம் வங்கியிடம் உகாண்டா சுமார் 20 கோடி டாலர் கடன் வாங்கியது. வட்டி 2 சதவீதம், தவணைக்காலம் 20 ஆண்டுகள். அதில் முதல் 7 ஆண்டுகள் அசலைக் கட்ட வேண்டியதில்லை. செய்தி பரவியபோது அந்த 7 ஆண்டுகள்கூட முடியவில்லை. அப்புறம் எந்தத் தவணை தவறியதாம்? உகாண்டா விமானப் போக்குவரத்து ஆணையமும் சீனத் தூதரகமும் உடனே மறுத்தன.

சரி, அப்படியானால் ஒப்பந்தத்தில் வில்லங்கமே இல்லையா? இருக்கிறது. 2022இல் நாடுகளுக்குக் கிடைக்கும் வெளிநாட்டு உதவியையும் கடனையும் ஆராயும் அமெரிக்காவின் எய்ட்டேட்டா ஆய்வுக்கூடம் அந்த ஒப்பந்தத்தையே வெளியிட்டது. விமான நிலையம் அடமானம் வைக்கப்படவில்லை. ஆனால் அதன் வருமானத்திலிருந்து முதலில் இந்தக் கடனைத்தான் அடைக்க வேண்டும். அதற்கெனத் தனிக் கணக்கில் பணமும் இருக்க வேண்டும். தகராறு வந்தால் தீர்ப்பு பெய்ஜிங்கில். கட்டடத்தைப் பிடுங்கவில்லை, கல்லாப்பெட்டியில் முதல் உரிமை வாங்கிவைத்திருக்கிறார்கள். உகாண்டா நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்விகளும் இந்த நிபந்தனைகளைப் பற்றியவைதான். பரபரப்பில் அடிபட்டுப்போனது அந்த நியாயமான விவாதம்.