ஸ்வயம் படிப்பு முதன்மைப் பாடத்துக்குத் தானாகவே மாற்றாகிவிடாது

‘ஸ்வயம் என்னும் மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளத்தில் எந்தப் படிப்பை முடித்தாலும், பட்டப்படிப்பில் விரும்பாத முதன்மைப் பாடத்தை விட்டுவிடலாம்; கல்லூரி மறுக்க முடியாது’ என்று மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பரவும் செய்தி தவறானது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை இத்தளத்தின் வழியே படிக்க இடமளிப்பது உண்மையே என்றாலும், எந்தெந்தப் பாடங்களை ஏற்பது என்பதை முடிவு செய்வது அந்தந்தக் கல்வி நிறுவனம்தான். பாதி உண்மை கலந்திருப்பதாலேயே இது எளிதில் நம்பப்படுகிறது போலும். காணொளிகளைப் பார்த்து முடித்தால் மட்டும் கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாடப் புள்ளி) கிடைக்காது. இறுதித் தேர்வுக்குப் பதிவு செய்து, அதில் தேறவும் வேண்டும். ஒழுங்குமுறையை மானியக் குழுவின் இணையதளத்திலும், ஏற்கப்படும் பாடங்களின் பட்டியலைத் துறைத் தலைவரிடமும் சரிபார்த்து, படிப்பில் சேரும் முன்பே எழுத்துபூர்வமாக ஒப்புதல் பெறுங்கள். அந்த வாட்ஸ்அப் செய்தியை மேலும் பகிர வேண்டாம்.