அந்தக் காணொளியைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

இந்த வாரம் முழுவதும் திருகோணமலைக் குழுமங்களில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தக் காணொளியை நான் மறுபடியும் இங்கே பகிரப் போவதில்லை. பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள், சிரிக்க வேண்டியவர்களும் சிரித்துவிட்டார்கள். கடைக்காரர் ஒரு மாணவனின் கைத்தொலைபேசியைக் கமெராவுக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, அது இயங்கத் தொடங்கும்போது வருகிற எச்சரிக்கைத் திரையைக் காட்டி, "இது ஹேக் பண்ணின போன், இப்படியானதுகளை எங்கட கடைக்குக் கொண்டுவர வேண்டாம்" என்று சொன்னதும், அதற்குக் கீழே வரிசையாக விழுந்த சிரிப்புக் குறிகளும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் போனில் வேறு இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்தவள் நான். ஆகவே பதில் சொல்லும் உரிமை எனக்குக் கொஞ்சம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்தப் பிள்ளை எதற்காகக் கடைக்குப் போனான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காணொளியில் அது மட்டும்தான் இல்லை. சார்ஜ் ஏறவில்லை என்பதுதான் அவனுடைய முறைப்பாடு. திருக்கடலூர்ப் பக்கம், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. உப்புக் காற்றுப் பட்டு, சார்ஜர் செருகும் துவாரத்துக்குள் இருக்கிற சிறிய தகடுகளில் பச்சை பிடித்திருந்தது. டோர்ச் அடித்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும். இயங்குதளத்துக்கும் இதற்கும் எள்ளளவும் தொடர்பில்லை. துவாரத்தை மாற்றுவதற்குப் போனை இயக்கிப் பார்க்க வேண்டிய தேவைகூட அதிகம் இல்லை. ஆனால் இயக்கிப் பார்த்தார், திரையைக் கண்டார், கமெராவை எடுத்தார்.

அந்தத் திரை என்ன சொல்கிறது என்பதையாவது அவர் வாசித்திருக்கலாம். ஆண்ட்ராய்டு போன் ஒவ்வொரு முறையும் எழும்போது, தன்னுள் இருக்கும் மென்பொருள் மாற்றப்படாததுதானா என்று தானே சரிபார்த்துக்கொள்கிறது. எல்லாம் தயாரிப்பாளர் கொடுத்தபடி இருந்தால் எச்சரிக்கை எதுவும் வராது. மஞ்சள் எச்சரிக்கை வந்தால் மென்பொருளைச் சரிபார்க்கும் மின்னணுச் சாவியாக உரிமையாளர் தமது சொந்தச் சாவியைப் பதித்திருக்கிறார் என்று பொருள். செம்மஞ்சள் வந்தால் பூட்லோடர், அதாவது போன் எழும்போது இயங்குதளத்தை ஏற்றும் சிறு நிரல், பூட்டப்படாமல் திறந்திருக்கிறது என்று பொருள். சிவப்பு வந்தால்தான் இயங்குதளம் கெட்டுப்போயிற்று, அல்லது இல்லை என்று பொருள். காணொளியில் வந்தது செம்மஞ்சள். வைரஸ் என்றோ, ஹேக் என்றோ, களவு என்றோ அதில் ஒரு சொல் கிடையாது. பூட்டு திறந்திருக்கிறது என்று வீட்டுக்காரருக்கு வீடே நினைவூட்டுகிறது, அவ்வளவுதான்.

அந்தப் பூட்டைத் திறக்கும் வழியையும் நாங்கள் எங்கேயோ திருடி எடுக்கவில்லை. அமைப்புகளுக்குள் போய் பில்ட் இலக்கத்தின் மேல் 7 தரம் தட்டினால் டெவலப்பர் தெரிவுகள் திறக்கும், அதற்குள் பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் ஓ.இ.எம். அன்லொக்கிங் என்ற ஆளியைப் பல தயாரிப்பாளர்கள் தாங்களே வைத்திருக்கிறார்கள். சில நிறுவனங்கள் விண்ணப்பிக்கச் சொல்லி நாட்கணக்கில் காக்க வைக்கின்றன. ஹுவாவி 2018இல் அந்தக் கதவை முற்றாகச் சாத்திக்கொண்டது. சாம்சங் போன்களில் பூட்டைத் திறந்து வேறு மென்பொருளை ஏற்றினால் உள்ளே ஒரு மின் உருகி எரிந்துவிடும், பிறகு அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவே முடியாது. இவையெல்லாம் தயாரிப்பாளர்கள் போட்ட விதிகள். விதிக்குள் நின்று தன் போனைத் திறந்தவன் எப்படிக் கள்ளன் ஆனான் என்பது எனக்கு விளங்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய போன் வாங்கியவருடையது. இதைவிட எளிமையாக எப்படிச் சொல்வது என்றும் எனக்குத் தெரியவில்லை.

ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸ் கருவே எவரும் எடுத்து, மாற்றி, பகிரலாம் என்ற உரிமத்தில் வெளிவருவது. அதற்கு மேல் கூகிள் எழுதும் பகுதியின் மூலநிரலில் பெரும்பாலானதும் அப்படித்தான். அந்த மூலநிரலை எடுத்துப் போன்களுக்கு மாற்று இயங்குதளம் ஆக்கும் வேலை 2009இல் சயனோஜன்மொட் என்று தொடங்கி, பின்னாளில் அதை நடத்திய நிறுவனம் கைவிட்டபின் 2016 டிசம்பரில் லினியேஜ் ஓ.எஸ். என்ற பெயரில் தொடர்ந்தது. இன்றுவரை தன்னார்வலர்கள்தான் அதை நடத்துகிறார்கள். தயாரிப்பாளர் கைகழுவிவிட்ட போன்களுக்கும் மாதாந்தப் பாதுகாப்புத் திருத்தங்களை அவர்கள் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் 2010இலேயே, போனின் மென்பொருள் பூட்டை உரிமையாளர் உடைப்பது பதிப்புரிமைக் குற்றமாகாது என்று விலக்கு அளித்துவிட்டார்கள். நம் கடைத்தெருவில்தான் இன்னும் தீர்ப்பு வரவில்லை போலிருக்கிறது. பழைய வள்ளத்துக்குப் புது என்ஜின் பூட்டியவனைக் கள்ள வள்ளக்காரன் என்று இந்த ஊரில் எவரும் சொன்னதில்லை.

நான் இதைக் கற்றுக்கொண்டது 2022இல். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டிய ஆண்டு அது. என் போனுக்கு அப்டேட் நின்று வெகுகாலம் ஆகியிருந்தது, புதிதொன்று வாங்குவதை நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு வரை போனது. மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து, கரண்ட் இருக்கும் நேரத்துக்குள் வேலையை முடித்தாக வேண்டும், ஏனென்றால் என் மடிக்கணினியின் பற்றரி பெயருக்குத்தான் இருந்தது. புது இயங்குதளத்தை நிறுவ உதவும் ரிக்கவரி என்ற சிறு மென்பொருளைப் போனில் ஏற்றி, கணினியிலிருந்து இயங்குதளக் கோப்பை அனுப்பத் தொடங்கினேன். 47 சதவீதத்தில் எண்ணிக்கை நின்றுவிட்டது. நெஞ்சு பதைத்தது. ஆனால் 47இல் நின்றாலும் வேலை முடிந்திருக்கக்கூடும் என்று நிறுவும் குறிப்பில் முன்கூட்டியே வாசித்திருந்தேன், ஆகையால் கேபிளைத் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் போனின் திரையில் முடிந்தது என்று செய்தி வந்தது. பொறுமையாக வாசிப்பவருக்கு இது செய்யக்கூடிய வேலை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன், மந்திர தந்திரம் ஒன்றுமில்லை.

"அப்படியானால் வங்கிச் செயலி வேலை செய்யுமா அக்கா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. சில செயலிகள் வேலை செய்யாது. போன் மாற்றப்படாததா என்று கூகிளின் சேவையொன்றிடம் அவை கேட்கின்றன, இல்லை என்று பதில் வந்தால் திறக்க மறுக்கின்றன. சுற்றுவழிகள் உண்டு, அவை இன்று ஓடும், நாளை நின்றுவிடும். எனவே வங்கி வேலையைப் போனிலேயே முடிப்பவர்கள் தங்கள் ஒரே போனில் இதைச் செய்ய வேண்டாம் என்றுதான் என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்லி அனுப்புகிறேன். அந்த மாணவனுக்கோ இருப்பது பாஸ் புத்தகத்துடன் கூடிய சிறுவர் சேமிப்புக் கணக்கு மட்டும். அவனுடைய வங்கிப் பாதுகாப்பைப் பற்றி இத்தனை பேர் ஒரே இரவில் கவலைப்பட்டது நெகிழ்ச்சியாக இருந்தது.

பூட்லோடர் திறந்த போன் கள்ளன் கையில் அகப்பட்டால் ஆபத்து அதிகம் என்கிறார்கள். உண்மைதான். பல ஆண்டுகளாகப் பாதுகாப்புத் திருத்தமே இல்லாத போனும் ஆபத்துத்தான், அதற்கு மட்டும் எச்சரிக்கைத் திரை வருவதில்லை. போன் பிரிக் ஆகிவிடும், அதாவது செங்கல் மாதிரி இயங்காமல் போய்விடும் என்கிறார்கள். வேறு மாதிரிக்கு உரிய கோப்பை ஏற்றினால் ஆகும், சரியாக வாசித்துச் செய்தால் அபூர்வம்.

என்னை உண்மையிலேயே சுட்டது இவை எதுவுமல்ல. "இவ்வளவு கஷ்டப்படாமல் புதுப் போன் வாங்கலாமே" என்று ஒருவர் எழுதி, அதற்கு நூற்றுக்கும் மேற்பட்ட விருப்பக் குறிகள் விழுந்திருந்தன. வாங்கலாம்தான். அந்தப் போனை அவனுடைய அம்மா சீட்டு எடுத்து, அதுவும் பாவித்த போனாக வாங்கிக் கொடுத்தார். உயர்தரத்துக்குப் படிக்கிற பிள்ளை. பாடக் குறிப்புகள் எல்லாம் வட்ஸ்அப்பில் வருகின்றன, பழைய இயங்குதளத்தில் போன் திணறித் திணறி நின்றது. இப்போது இழுபடாமல் ஓடுகிறது. 2023இல் வந்த பிக்சல் 8க்கு 7 ஆண்டு அப்டேட் தருவதாகக் கூகிள் அறிவித்தது. விற்பனை முடிந்தபின்னும் குறைந்தது 5 ஆண்டுகள் அப்டேட் தர வேண்டும் என்ற விதி 2025 ஜூனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறையில் இருக்கிறது. அவர்களுக்குச் சட்டம் கொடுத்ததை எங்கள் பிள்ளைகள் ஓர் இரவு கண்விழித்துத் தாங்களே செய்துகொள்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் சிரித்தீர்கள்.

கடைக்காரருக்கும் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கடை வாசலில் "எஃப்.ஆர்.பி. அன்லொக் செய்து தரப்படும்" என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறதே, அது என்ன? போன் களவு போனால் களவெடுத்தவன் அழித்துவிட்டுப் பாவிக்கக் கூடாது என்பதற்காகக் கூகிள் வைத்த பூட்டு அது. அதை உடைக்கும்போது போன் வாங்கிய பற்றுச்சீட்டைக் கேட்கிறீர்களா? கேட்டதாக இதுவரை என்னிடம் ஒருவரும் சொன்னதில்லை. யாருடையது என்றே தெரியாத போனின் பூட்டை உடைப்பது உங்களுக்குத் தொழில், தன்னுடைய போனின் பூட்டைத் தானே திறப்பது ஹேக்கிங். நல்ல கணக்கு.

இன்னொன்றையும் எழுதாமல் விட மனம் வரவில்லை. நிறுவிக் கொடுத்தது ஒரு பெண் என்று தெரிந்த பிறகு கருத்துகளின் தொனி மாறியது. "அக்காமார் இப்ப பிளாஷ் பண்ணவும் வெளிக்கிட்டாச்சு" என்று எழுதியவர் சென்ற வருடம் தன் தங்கையின் போன் லோகோவிலேயே நின்றுவிட்டதென்று இரவில் என்னைக் கூப்பிட்டவர். அன்றைக்கு என்னைத் "தங்கச்சி" என்றார், காசு வாங்க மறுத்ததற்காக மூன்று முறை நன்றி சொன்னார். பெயரைச் சொல்ல மாட்டேன், அவருக்குத் தெரியும். இந்த வேலைக்கு நான் யாரிடமும் ஒரு சதம் வாங்கியதில்லை. அதனால்தான் மதிப்பு இல்லையோ என்று இந்த வாரம் முதல் தடவையாக நினைத்தேன்.

அந்தப் பிள்ளையின் முகம் காணொளியில் தெரியவில்லை, உண்மைதான். ஆனால் போனின் பின்பக்கத்தில் அவன் ஒட்டிவைத்திருக்கிற கோணேசர் படம் தெரிகிறது, அவனுடைய வகுப்புக்கு அது போதும். காணொளியை நீக்குங்கள் என்று கடைக்காரருக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். வாசித்துவிட்டார் என்று நீலக் கோடு காட்டுகிறது, பதில் இல்லை. சார்ஜ் துவாரத்தை நகருக்குள்ளேயே வேறொரு தம்பி மாற்றிக் கொடுத்துவிட்டார். எச்சரிக்கைத் திரை வந்தது, அவர் அது போகும்வரை நின்றார், சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்தார், காசை வாங்கினார்.

பழைய போனை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்கள் வழக்கம்போல மாதிரி இலக்கத்தை எழுதி அனுப்பலாம். சிரிப்புக் குறி போட்டவர்களும் அனுப்பலாம், நான் பட்டியல் எதுவும் வைத்திருக்கவில்லை. ஆனால் பூட்லோடரைத் திறக்கும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். படங்களை முதலில் வேறிடத்தில் சேமித்துவிட்டு வாருங்கள், பிறகு வந்து கலியாணப் படங்களைக் காணவில்லை என்று என்னிடம் கேட்காதீர்கள்.