அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் என்றால் மகளுக்கும் கட்டாயம் வருமா?

"தாய்க்குக் கல் இருந்தால் பிள்ளைக்கும் கட்டாயம் வரும், ஒலிவ் எண்ணெயும் தேசிக்காய்ச் சாறும் குடித்தால் கரைந்து போய்விடும்." கொழும்பில் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இச்செய்தியின் இரண்டு பாதிகளும் பிழை.

பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ கல் இருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்புக் கூடும். அவ்வளவுதான். 43,141 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்து 2005இல் வெளியான சுவீடன் ஆய்வு, தொல்லை தரும் பித்தப்பைக் கல்லில் மரபின் பங்கை ஏறக்குறைய 25 வீதமாகவே கணித்தது. உடற்பருமனும் கர்ப்பமும் ஆபத்தைக் கூட்டுகின்றன. பட்டினி கிடந்து கிழமைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் மெலிவதும் அப்படியே: ஈரல் பித்தத்தில் கொலஸ்ட்ரோலைக் கூடுதலாகக் கலக்கும், பித்தப்பையோ சுருங்காமல் தேங்கி நிற்கும்.

தலசீமியா போன்ற பரம்பரை இரத்தச் சோகை உள்ள குடும்பங்களின் கதை வேறு. அங்கே சிதையும் சிவப்பணுக்களின் நிறமியே கல்லாகிறது, சிறுவர்களுக்கும் வரலாம். வைத்தியரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

எண்ணெய் குடித்தபின் மலத்தில் வரும் பச்சை உருண்டைகள் கல் அல்ல. குடலில் எண்ணெய் சவர்க்காரமாகத் திரண்டவை. கொழுப்பு பித்தப்பையைச் சுருக்குவதால் உண்மையான கல் நகர்ந்து பித்தக் குழாயை அடைக்கவும் கூடும்.

நோவில்லாதவருக்குக் குடும்ப வரலாற்றுக்காக மட்டும் வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் தேவையில்லை. சாப்பிட்டபின் வலது விலாவின் கீழ் அரை மணித்தியாலத்துக்கு மேல் வலித்தால் எடுங்கள், 6 முதல் 8 மணித்தியாலம் வெறும் வயிற்றோடு; சாப்பிட்டுவிட்டுப் போனால் பை சுருங்கிக் கல் தவறிவிடும். வலியோடு காய்ச்சலோ கண் மஞ்சளோ வந்தால் காத்திராமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள், இலவசம்.