'வொய்' நம் 'ஓய்' இல்லை

ஆங்கிலத்தில் 'ஏன்' என்று கேட்கும் 'வொய்', இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களில் கங்காணிமார் 'ஓய்' என்று கூப்பிட்டதைக் கேட்டுத் துரைமார் எடுத்துக்கொண்டது என்று ஒரு செய்தி இப்போது எல்லாரும் பகிர்கிறார்கள். அனுப்பிய அண்ணன் கோபிக்க வேண்டாம், அது சரியில்லை.

கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனதே 1815இல்தான், தோட்டங்கள் அதற்கும் பிறகு. 'வொய்'யோ ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழைய சொல். பழைய ஆங்கிலத்தில் அது கிட்டத்தட்ட 'ஹ்வீ' என்று ஒலித்தது, 'என்ன' என்று பொருள்படும் 'வாட்' என்ற சொல்லின் பழைய வடிவம் வேற்றுமை ஏற்று வந்தது, நாம் 'எது'வை 'எதனால்' ஆக்குகிற மாதிரியே. (இந்த ஒற்றுமை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் இது உறவு இல்லை, ஒரே மாதிரி வேலை, அவ்வளவுதான்.)

நம்பிக்கை வரவில்லையா? 1611இல் அச்சான ஆங்கில வேதாகமத்தின் படப்பிரதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 22ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தைப் பாருங்கள், "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற இடத்தில் 'வொய்' இருக்கும். சொல்லின் வேரைப் பார்க்க ஆக்ஸ்போர்டு அகராதி போதும், ஆனால் வேர் விபரம் உள்ள பதிப்பாகப் பாருங்கள்.