வேன் கூரையில் ஒரு டிவி டிஷ் வைக்க இவ்வளவு பாடா?

கேம்பர்வேனுக்கு, அதாவது உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வேனுக்கு, சேட்டிலைட் டிவி வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது, "பட்ஜெட் எவ்வளவு?" அடுத்து, "டோம் வேணுமா, சாதா டிஷ் போதுமா?" (டோம் என்றால் டிஷ்ஷை உள்ளே வைத்துக் கூரையில் பொருத்தும் குமிழ் மூடி.) அதோடு சரி, பில் போட ஆரம்பித்துவிடுகிறார். வண்டி எந்தப் பக்கம் போகும், எந்தச் சேனல் பார்க்கணும், மரத்தடியில் நிறுத்துவீங்களா வெட்டவெளியிலா என்று ஒருத்தர் கேட்கணுமே! ஏறி இறங்கிய கடைகளில் ஒன்றில்கூடக் கேட்கவில்லை. படம் தெரியுமா தெரியாதா என்று முடிவு செய்வதே இவைதான்.

பெட்டியைப் பாருங்கள். "எங்கு சென்றாலும் டிவி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். எங்கு சென்றாலுமாம்! டிவி சேட்டிலைட் நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் வேகத்துக்கே சுற்றிக்கொண்டு, நம் கண்ணுக்கு ஒரே இடத்தில் நிற்கிறது. அதிலிருந்து வரும் அலை உலகம் முழுக்க ஒரே அளவில் விழுவதில்லை. எந்த நாட்டு ஒளிபரப்போ அந்த நாட்டின் மேல் குவித்து அனுப்புகிறார்கள். பிரிட்டிஷ் சேனல்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குத் தீர்க்கரேகை 28.2 டிகிரியில் நிற்கும் ஆஸ்ட்ரா சேட்டிலைட்டுகளில் வருபவை அவை. 2014-இல் பிபிசி சேனல்களைக் குறுகிய கற்றைக்கு, அதாவது சின்னப் பரப்பில் மட்டும் விழும் அலைக்கு, மாற்றினார்கள். தெற்கு ஸ்பெயின் பக்கம் அதுவரை பார்த்துக்கொண்டிருந்த பலருக்கு ஒரே நாளில் திரை கறுத்துவிட்டது. டிஷ்ஷில் பழுதில்லை, கேபிளிலும் பழுதில்லை. அங்கே வந்து விழும் அலை போதவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் தங்கத்தில் டோம் செய்து மாட்டினாலும் படம் வராது.

கற்றையின் ஓரத்துக்குப் போகப் போக டிஷ் பெரிதாக வேண்டும். கூரை டோமுக்குள் இருப்பதோ நாற்பது சென்டிமீட்டர் சொச்சம். அந்த அளவுக்கு எந்தப் பகுதி வரை படம் வரும் என்று ஒரு வரைபடம் போட்டால் போதும், நாம் பாட்டுக்குப் பார்த்து முடிவு செய்துகொள்வோம். சில கம்பெனிக்காரர்கள் தங்கள் வெப்சைட்டின் ஏதோ ஒரு மூலையில் அதைப் போட்டும் வைத்திருக்கிறார்கள். கடையில் கேட்டுப் பாருங்கள், "அதெல்லாம் ஆட்டோமேட்டிக் சார், அதுவே தேடிக்கும்" என்பார்கள். வராத அலையை எங்கே போய்த் தேடும்?

அடுத்தது மரம். வெயிலில் வேன் நிறுத்தினால் உள்ளே உட்கார முடியாது, நிழல் தேடித்தான் போவோம். டிவி அலைக்கு நிழலே ஆகாது. அலைநீளம் வெறும் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். மழையில் நனைந்த இலைக்கூட்டம் அதை அப்படியே விழுங்கிவிடும். கூரையோடு திருகிப் பொருத்திய டோம், வேன் நிற்கிற இடத்தில்தான் நிற்கும். வேனுக்கு நிழல் என்றால் டிவிக்குப் பட்டினி. சாதாரண ஒரு டிஷ்ஷை முக்காலியில் வைத்து, நீளமான கேபிள் போட்டு, பத்தடி தள்ளி வெட்டவெளியில் நிறுத்திவிட்டால் இந்தத் தொல்லையே கிடையாது. காற்றடித்தால் சாயும், உண்மைதான். காலில் தண்ணீர் கேனைக் கட்டித் தொங்கவிட்டால் நிற்கும். விலையோ டோமில் ஒரு சின்னப் பங்குதான். அதனால்தானோ என்னவோ, கடையில் யாரும் அதை எடுத்துக் காட்டுவதே இல்லை.

முக்காலி டிஷ்ஷைத் திருப்பி வைப்பது கஷ்டம் என்று பயமுறுத்துவார்கள். அதற்கும் காரணம் அவர்களே. கூடவே தரும் கையேட்டில் ஒன்றும் உருப்படியாக இருக்காது. 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை சுமார் 3 டிகிரி அகலம்தான், கொஞ்சம் பிசகினாலும் போச்சு. இடத்துக்கு இடம் கோணம் வேறு மாறும். நேர் தெற்கே நிற்கும் சேட்டிலைட்டை வடக்கு 60-ஆம் அட்சரேகையிலிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு மேல் 22 டிகிரியில் இருக்கும், 10-ஆம் அட்சரேகையிலிருந்து பார்த்தால் 78 டிகிரி, கிட்டத்தட்ட தலைக்கு மேலே. கிழக்கே மேற்கே நகர்ந்தால் எல்என்பியையும், அதாவது டிஷ்ஷுக்கு முன்னால் நின்று அலையை வாங்கும் சின்னக் கருவியையும், கொஞ்சம் சாய்க்க வேண்டும். விலை குறைந்த ஆட்டோமேட்டிக் டோம் சிலவற்றில் இந்தச் சாய்வை நாமே கையால் திருப்ப வேண்டும். இது வாங்கிய பிறகுதான் தெரியும், அப்புறம் எதற்கு அந்த ஆட்டோமேட்டிக்? திசை பார்க்க ஒரு பொம்மைக் காம்பஸும் தருவார்கள். அதை வேனின் இரும்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது காட்டுவதுதான் வடக்கு!

எனக்கு உச்சி வரை ஏறுவது இன்னொன்று. செட் டாப் பாக்ஸில் இரண்டு பட்டை காட்டும். ஒன்று சிக்னல் அளவு, இன்னொன்று சிக்னல் தரம். கவனிக்க வேண்டியது தரம் மட்டும்தான். அளவுப் பட்டை எல்என்பியின் இரைச்சலுக்கே பாதி ஏறிவிடும், பக்கத்து சேட்டிலைட்டைப் பார்த்தாலும் ஜோராக ஏறும். வாடிக்கையாளர் சேவை என்ற பெயரில் போன் எடுப்பவருக்கு இது தெரியவில்லை. "அளவு 85 காட்டுதே, நல்லாத்தானே இருக்கு? பாக்ஸை ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." தரம் பூஜ்யம் என்று சொல்கிறேன், மறுபடியும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்கிறார். டிஷ் பார்ப்பது வேறொரு சேட்டிலைட்டை ஐயா! பாக்ஸை எத்தனை முறை அணைத்தால் என்ன, ஆகாயத்தில் அது நகர்ந்து வந்து நிற்குமா?

மின்சாரக் கதையும் இதே லட்சணம்தான். 12 வோல்ட் டிவி என்று விற்கிறார்கள். வேன் பேட்டரி சார்ஜ் ஏறும்போது 14 வோல்ட்டைத் தாண்டும், அதைத் தாங்குமா என்று எங்கேயும் எழுதியிருக்காது. கேட்டால் இன்வெர்ட்டர் ஒன்றைத் தலையில் கட்டிவிடுவார்கள். வண்டி ஓடும்போதே படம் தெரியும் டோம் என்று இன்னும் கூடுதல் விலைக்கு ஒன்று இருக்கிறது. ஓட்டுகிறவருக்கு அது எதற்கு?

"மொபைலில் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதானே" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டவர் இல்லாத இடத்துக்குப் போகத்தானே வேன் வாங்கியது? டவர் இருந்தாலும், ஒரு மேட்ச் முழுக்கப் பார்த்தால் டேட்டா எத்தனை ஜிபி தின்னும் தெரியுமா? நாடு மாறினால் "இந்த நிகழ்ச்சி உங்கள் பகுதியில் கிடைக்காது" என்று வேறு வரும்.

இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "மாட்டிப் பாருங்க, சரி வரலைன்னா பார்த்துக்கலாம்" என்கிறார். என்ன பார்ப்பது? டோம் மாட்டக் கூரையில் துளை போட வேண்டும். துளை போட்ட பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அவரே அச்சடித்து வைத்திருக்கிறார்.