புகராஷ் 'தலைகீழ் மலை' பற்றி ஒரு திருத்தம்

தென் பிரான்சின் ஓட் மாவட்டத்திலுள்ள புகராஷ் மலை தலைகீழாக நிற்பதற்கு அறிவியலில் விளக்கமே இல்லை என்றும், 2012 டிசம்பர் 21-ல் உலகம் அழியும், அந்த மலையில் இருக்கும் வேற்றுகிரகவாசிகள் காப்பாற்றுவார்கள் என்று நம்பி ஊரே மலையேறிக் காத்திருந்தது என்றும் ஒரு கதை சொல்லப்படுகிறது. இரண்டும் தவறு.

மலை தலைகீழாக இல்லை. 1,230 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தின் மேற்பகுதி ஜுராசிக் காலச் சுண்ணாம்புப் பாறை. அதற்குக் கீழே இருப்பது அதைவிட இளைய கிரெட்டேசியஸ் காலப் படிவு. ஸ்பெயினும் போர்ச்சுகலும் அமைந்த ஐபீரிய நிலத்தட்டு ஐரோப்பாவோடு மோதிப் பிரெனே (பைரனீஸ்) மலைத்தொடர் எழுந்தபோது, பழைய பாறையடுக்கு உடைந்து, இளைய அடுக்கின் மேல் சறுக்கி ஏறி உட்கார்ந்துவிட்டது. மேலடுக்குதான் இளையது என்ற பொதுவிதி இங்கே மாறித் தெரிவதற்குக் காரணம் அவ்வளவுதான். ஆல்ப்ஸ் மலையிலும் இதைப் பல இடங்களில் பார்க்கலாம். அங்கெல்லாம் ஏனோ வேற்றுகிரகவாசிகள் குடியேறவில்லை!

அடுத்தது, காத்திருந்த கதை. சுமார் 200 பேர் வாழும் ஊர் அது. கூட்டம் திரண்டு விபரீதம் ஏதும் நடந்துவிடுமோ என்று 2010 இறுதியிலேயே கவலையை வெளிப்படுத்தியவர் அவ்வூர் மேயர்தான். அந்த நாளையொட்டி மலைக்குச் செல்லும் வழியை நிர்வாகம் அடைத்துக் காவலும் போட்டிருந்தது. பிறகு யார் ஏறுவது? வந்து குவிந்தவர்களில் பெரும்பாலோர் கேமராவும் மைக்குமாக அலைந்த செய்தியாளர்கள். நம்பி வந்தவர்கள் மிகச் சிலர்.

உலக அழிவுக் கதைக்கு ஆதாரமாகச் சொல்லப்பட்டது, மத்திய அமெரிக்காவின் பழைய மாயன் நாகரிகத்தின் நாட்காட்டி. அதில் அன்று முடிந்தது ஒரு நீண்ட காலச்சுற்று மட்டுமே. புகராஷை அதோடு முடிச்சுப் போட்டது இணைய வதந்தி.