டவர் இல்லாத ஊருக்கு ரீஸ்டார்ட் ஒரு மருந்தா?

“போனை ஒருக்கா ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாருங்க சேர்.” வாடிக்கையாளர் சேவைக்கு எப்போது எடுத்தாலும் இதுதான் பதில். பண்ணியாச்சு. சிம்மைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டாச்சு. பிளைட் மோட் போட்டு எடுத்தாச்சு. நெட்வொர்க் செட்டிங்கை ரீசெட் பண்ணச் சொன்னார்கள், அதையும் பண்ணினேன். சேமித்து வைத்த வைஃபை பாஸ்வேர்டெல்லாம் அழிந்து போனதுதான் மிச்சம். கோல் இன்னமும் பாதியில் கட் ஆகிக்கொண்டே இருக்கிறது.

நான் இருப்பது படுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், கொக்கட்டிச்சோலையைத் தாண்டி உள்ளே. இதே போன், இதே சிம், மண்முனைப் பாலத்தைக் கடந்து ஆரையம்பதிப் பக்கம் போனவுடன் கணீரென்று பேசுகிறது. திரும்பி வந்து வயல் ரோட்டில் இறங்கினால் மறுபடி “ஹலோ, ஹலோ”. போனில் பழுது என்றால் பாலம் தாண்டியதும் அது எப்படிச் சரியாகும்? இந்தச் சின்னக் கேள்விக்கு மட்டும் அந்தப் பக்கத்தில் யாரிடமும் பதில் இல்லை. “உங்கட போன் என்ன மொடல் சேர்?” என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள்.

வீட்டுக்குள் தகரக் கூரையின் கீழ் ஒன்றும் எடுபடாது. தகரம் அலையைத் தடுக்கும், அது தெரிந்த விசயம். அதனால் கோல் வந்தால் அம்மா போனைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓட வேண்டும். எங்கள் வளவில் அந்த ஒரு மூலையில்தான் கொஞ்சம் கிடைக்கிறது. கிணற்றுக் கட்டில் ஒரு கையை ஊன்றி, மற்றக் கையால் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, “என்ன மனே, ஒண்டும் விளங்குதில்ல, சத்தமாச் சொல்லு” என்று கத்துவார். தன் கால் புண்ணைப் பற்றி, அக்காவின் பிள்ளைக்குப் பேசிவரும் சம்பந்தத்தைப் பற்றி, கடன் பற்றி, எல்லாவற்றையும் ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி சொல்ல வேண்டியிருக்கிறது. வயது போன மனுசிக்கு இது தேவையா? மாதா மாதம் ரீலோட் காசை மட்டும் டவுனில் இருப்பவர்களைப் போலவே எங்களிடமும் எடுக்கிறார்கள்தானே.

இன்னொன்று. “உங்கட போனில சிக்னல் கோடு காட்டுதா?” என்று கேட்பார்கள். காட்டுகிறது, இரண்டு, சில வேளை மூன்று. உடனே, “அப்ப கவரேஜ் இருக்கு சேர்” என்கிறார்கள். கோடு என்பது டவரின், அதாவது கோபுரத்தின், குரல் எங்களுக்கு எட்டுகிறது என்று காட்டுவது மட்டும்தான். எங்கள் குரல் கோபுரத்துக்கு எட்டுகிறதா என்பதை அது சொல்லாது. கோபுரம் பத்துக்கணக்கான வாட் சக்தியில் அனுப்புகிறது. 4ஜி போன் அதிகபட்சம் 0.2 வாட் அளவில்தான் திருப்பி அனுப்பும். கோபுரத்தின் காது கூர்மையானதுதான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனாலும் ஒரு தூரத்துக்கு மேல் எடுபடாது. அதனால்தான் சில வேளை அவர்கள் பேசுவது எங்களுக்கு விளங்கினாலும் நாங்கள் பேசுவது அவர்களுக்கு விளங்குவதில்லை. வாவிக்கு அந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் போன் தன் முழுச் சக்தியையும் கொட்டிக் கத்துகிறது. பற்றரி மத்தியானத்துக்கே இறங்குவதும் இதனால்தான். அதற்கும் “பற்றரி பழசு சேர், மாத்துங்க”.

அதோடு, கோடுகளுக்கு எல்லாக் கம்பனிக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது, ஒவ்வொரு போனும் தன் இஷ்டத்துக்குக் காட்டும். உண்மை தெரிய வேண்டுமென்றால் எண்ணைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான ஆண்ட்ராய்ட் போன்களில் செட்டிங்ஸில் ‘அபௌட் போன்’, அதற்குள் ‘சிம் ஸ்டேட்டஸ்’ என்று போனால் சிக்னலின் பலத்தைக் காட்டும் ஒரு எண் டிபிஎம் என்ற அளவில் இருக்கும். அது பூச்சியத்துக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு நல்லது. 4ஜியில் மைனஸ் 90க்கு மேலே இருந்தால் நல்லது. மைனஸ் 110க்குக் கீழே போனால் கோல் நிற்பதே கஷ்டம். எங்கள் வீட்டு முற்றத்தில் அது மைனஸ் 115 பக்கம் நிற்கிறது. இதை வாசித்துச் சொன்னால் அந்தப் பக்கத்தில் ஒரே மௌனம்.

போனிலேயே பழுது இருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. கட்டார், சவூதியிலிருந்து கொண்டுவரும் சில போன்களில் இங்கத்தைய நெட்வொர்க்குக்கு வோல்ட்டி, அதாவது 4ஜியிலேயே கோல் பேசும் வசதி, வேலை செய்யாது. கோல் எடுத்ததும் 4ஜி மறைந்து 2ஜி போன்ற பழைய நெட்வொர்க் வரும், அதுவும் பலவீனமாக இருந்தால் கோல் போகாது. ஒருவருக்குக் கோல் வருவதே இல்லை என்றால் டைவர்ட் (கோலை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் செட்டிங்) விழுந்திருக்கலாம், ##002# அடித்தால் நீங்கும். சில இடங்களில் நெட்வொர்க் வகையை 2ஜிக்கு மாற்றினால் பேச முடிகிறது, ஏனென்றால் 900 மெகாஹெர்ட்ஸ் அலை 1800ஐ விடத் தூரம் போகும். பக்கத்து வீட்டுப் போனில் உங்கள் சிம்மைப் போட்டுப் பாருங்கள், உங்கள் போனில் வேறு சிம்மைப் போட்டுப் பாருங்கள். எல்லாப் போனும் ஒரே இடத்தில் சாகிறதென்றால் பழுது இடத்தில், போனில் இல்லை. இதைக் கண்டுபிடிக்கப் பொறியியல் படிக்கத் தேவையில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு ஹெட்செட் போட்டு இருப்பவர்களுக்கு மட்டும் ஏன் இது விளங்கவில்லை?

தான்தோன்றீஸ்வரர் கோயில் தேருக்குச் சனம் திரளும்போது கோடு முழுசாக இருந்தும் கோல் போகாது. அது நெரிசல், ஒரு கோபுரத்தில் அத்தனை பேர். சரி, அதைப் பொறுக்கலாம். வருடம் முழுக்க இப்படி இருப்பதை எப்படிப் பொறுப்பது?

எனக்கு வயிறு எரிவது அந்த அறிவித்தலைக் கேட்டுத்தான். போன் அம்மாவின் கையில், ஓன் செய்தபடி இருக்கிறது. கட்டாரிலிருந்து அத்தான் நேராக அடித்தால் போன் அணைக்கப்பட்டிருக்கிறது, அல்லது எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று சேர்த்துச் சொல்லுகிறது. காசு போனாலும் பரவாயில்லை என்று வேலை முடிந்து களைத்துப்போய் எடுக்கிற மனிசனுக்கு அதில் முதல் பாதிதான் காதில் விழும். “ஏன் போனை ஓஃப் பண்ணி வைச்சிருக்கிறீங்க?” என்று அக்காவோடு சண்டை. கோபுரம் போடாதவன் நிம்மதியாக இருக்கிறான், இங்கே குடும்பத்துக்குள் சந்தேகம்.

பேங்க் ஓடிபி இன்னொரு கூத்து. நேரம் முடிந்த பிறகு கிணற்றடியில் வந்து விழும். மறுபடி கேட்டால் பழசும் புதுசும் ஒன்றாக வரும், எது எது என்று தெரியாமல் மூன்று தரம் பிழையாக அடித்தால் கணக்கு லொக்.

ராவில் யானை வருகிற ஊர் இது. வட்டையில், அதாவது வயல்வெளியில், வாடி (குடில்) போட்டுக் காவல் இருப்பவர் அடுத்த வாடிக்காரருக்குச் சொல்ல ஒரு கோல் போக வேண்டும். 1990 அம்புலன்ஸுக்கு ஒரு கோல் போக வேண்டும். மாரியில் வெள்ளம் ஏறினால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள் என்கிறார்கள். மாரியில்தான் கரண்ட் போகும், கரண்ட் போனால் கோபுரத்துப் பற்றரி சில மணி நேரம்தான் தாங்கும், அதோடு இருக்கிற கொஞ்ச சிக்னலும் போய்விடும். 1978 சூறாவளியைக் கண்ட கிழவர்கள் இன்னும் இந்த ஊரில் இருக்கிறார்கள். அப்போது போன் இல்லை. தெற்காசியாவிலேயே முதன்முதலில், 1989இல், செல்போன் வந்த நாடு இது. அதற்குப் பிறகு இத்தனை வருடம் கழித்தும் வாவியின் ஒரு கரைக்குப் பேச்சு, மற்றக் கரைக்கு “ஹலோ, ஹலோ” என்றால் அது எங்கள் போனின் குற்றமா?

இனி ஹொட்லைனில் கெஞ்சப் போவதில்லை. ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் அந்த டிபிஎம் எண்ணை ஸ்கிரீன்ஷொட் எடுக்கச் சொல்லியிருக்கிறேன், இடமும் நேரமும் சேர்த்து. கம்பனிக்கு எழுத்தில் முறைப்பாடு போகும், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி வைப்போம். அவர்கள் அசையாவிட்டால் அதே தாள்களோடு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு. பிரதேச செயலகத்துக்கும் ஒரு பிரதி. கேட்பது இரண்டே இரண்டு: இந்தப் பக்கத்தில் ஒரு கோபுரம், அது கரண்ட் போனாலும் விடியும் வரை தாங்கும் பற்றரியோடு.